கிருஷ்ணகிரிக்கு வந்த பாதிரியும் ஒரு ஜெபத்தின் விலையும்

கிருஷ்ணகிரி என்றதும் பலருக்கு மாம்பழம், அணை, மலைக்கோட்டை, அப்புறம் பெங்களூர் போகிற வழியில் பஸ் நிற்கும் இடம் என்று ஞாபகம் வரும். சர்ச் வரலாற்றில் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு என்று சொன்னால் உள்ளூர்க்காரர்களே கொஞ்சம் ஆச்சரியப்படுவார்கள். அமெரிக்காவின் பெரிய லுத்தரன் சபைகளில் ஒன்றான மிசௌரி சினாடு, கிறிஸ்தவரல்லாதவர்கள் நடுவே வெளிநாட்டில் தொடங்கிய முதல் மிஷன் எந்த ஊரில் தெரியுமா? நியூயார்க் மாதிரி பெரிய பெயர் எதுவும் வேண்டாம். நம்ம கிருஷ்ணகிரிதான். ஆண்டு 1895.

அப்படி வந்தவர் தியோடர் நேத்தர் என்ற ஜெர்மன்காரர். அவருடைய தோழர் பிரான்ஸ் மோன் அடுத்த வருடம் ஆம்பூரில் போய் உட்கார்ந்தார். வெள்ளைக்காரப் பாதிரி வருவது அந்தக் காலத்தில் அதிசயமே இல்லை. இந்த இருவரிடமும் உள்ள விசேஷம் வேறு. இருவருமே இதற்கு முன் தமிழ்நாட்டில் வேறொரு மிஷனில் வேலை பார்த்து, அங்கிருந்து நீக்கப்பட்டவர்கள். பணம் கையாடல் இல்லை, நடத்தைக் குற்றமும் இல்லை. ஒரு புத்தகத்தைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த கருத்துக்காகப் போன வேலை அது.

அந்தப் பழைய மிஷன், லைப்சிக் மிஷன். 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தப் பாரம்பரியம் தேய்ந்து போன நேரத்தில், 1840-களில் அதைக் கையில் எடுத்துக்கொண்டது இந்த ஜெர்மன் மிஷன்தான். அதன் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். படிப்பாளிகளின் மிஷன் என்று சொல்லலாம்.

படிப்பு இருந்த இடத்தில்தான் சிக்கலும் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பைபிளைச் சரித்திர ஆவணம் போல ஆராயத் தொடங்கினார்கள். மோசேயின் ஐந்து புத்தகங்களை மோசேயே எழுதினாரா, பல கைகள் எழுதியதைப் பின்னால் ஒன்றாகச் சேர்த்தார்களா என்றெல்லாம் கேள்விகள். வெல்ஹவுசன் என்ற அறிஞரின் புத்தகம் 1878-ல் வந்த பிறகு இந்த விவாதம் வீதிக்கே வந்துவிட்டது. லைப்சிக் மிஷன் வட்டாரத்தில் சிலர், வேதம் தேவ ஆவியால் அருளப்பட்டது என்பதை ஏற்போம், ஆனால் அதன் ஒவ்வொரு வார்த்தையும் பிழையற்றது என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை என்ற நிலைக்கு வந்தார்கள். தமிழ்நாட்டில் வேலை செய்துகொண்டிருந்த நேத்தருக்கும் மோனுக்கும் இது சம்மதமாக இல்லை. ஆவியானவர் கொடுத்தது கருத்தை மட்டுமா, வார்த்தைகளையுமா? வார்த்தைகளையும்தான், அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்றார்கள் இவர்கள். கடிதங்கள் போயின, பதில்கள் வந்தன, கடைசியில் 1893-ல் வேலை போயிற்று.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அவர்கள் காப்பாற்ற நினைத்த வார்த்தைகள் எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இருந்தன. தமிழ் லுத்தரன்கள் வாசித்தது பப்ரிசியஸ் 18-ஆம் நூற்றாண்டில் செய்த தமிழ் மொழிபெயர்ப்பு. 1871-ல் வேறு சபைகள் சேர்ந்து புதிய திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, பப்ரிசியஸின் வார்த்தைகளை விட மாட்டோம் என்று லுத்தரன்கள் பலர் நின்றார்கள். வார்த்தை மீதான பற்று அந்த வட்டாரத்தில் யாரோ வெளியே இருந்து கொண்டுவந்த சரக்கு அல்ல. எல்லாரிடமும் இருந்தது, அளவுதான் வேறு.

வேலை போன இருவரையும் கையில் எடுத்துக்கொண்டது மிசௌரி சினாடு. அதுவும் ஜெர்மன்காரர்கள் சபைதான். 1830-களின் இறுதியில் சாக்சனியிலிருந்து கப்பலேறிப் போய் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் குடியேறியவர்கள் அதன் மையம். வீட்டிலும் கோயிலிலும் ஜெர்மன் பேசினார்கள். 1893-ல் அவர்கள் வெளிநாட்டு மிஷன் தொடங்கத் தீர்மானித்தபோது மனதில் இருந்த நாடு ஜப்பான். அதே நேரத்தில் தமிழ் தெரிந்த, இந்தியா தெரிந்த, தங்கள் கொள்கையே உள்ள இருவர் வேலையில்லாமல் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் திட்டம் மாறியது. மிஷன் போர்டின் தலைவராக இருந்த சூக்கரே முன்பு லைப்சிக் மிஷனில் தமிழ்நாட்டில் இருந்து, 1876-ல் கொள்கை வேறுபாட்டால் விலகிப் போனவர். அந்த வருடமே விலகிய இன்னொருவர் சோர்ன். ஆக நேத்தரும் மோனும் முதல் ஆட்கள் அல்ல, இரண்டாவது பேட்ச்! 1894 அக்டோபரில் மிசௌரியின் செயின்ட் சார்ல்ஸ் ஊரில் இருவருக்கும் கை வைத்து அனுப்பினார்கள். பழைய மிஷனின் எல்லைக்குள் போகக் கூடாது என்பதால் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த கிருஷ்ணகிரி அமைந்தது.

இப்படி வந்தவர்கள் எதைப் போதிக்க வந்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் பின்னால் வரும் கதை புரியாது. மிசௌரிக்காரர்கள் மற்ற எல்லாவற்றையும் விட அழுத்திச் சொன்ன உபதேசம் பாவநிவர்த்தி பற்றியது. கிறிஸ்து சிலுவையில் செலுத்திய விலை நல்லவர்களுக்கு மட்டுமல்ல, விசுவாசிகளுக்கு மட்டுமல்ல, முழு உலகத்துக்கும் செலுத்தப்பட்டு முடிந்துவிட்டது. கடவுள் உலகத்தோடு ஏற்கனவே ஒப்புரவாகிவிட்டார். அவர்களுடைய பெரிய தலைவர் வால்த்தர் (1887-ல் இறந்தார்), ஈஸ்டர் என்பது கடவுள் உலகம் முழுவதற்கும் கொடுத்த பாவமன்னிப்பு அறிவிப்பு என்றே பிரசங்கம் செய்தவர்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால் எளிது. 2006-ல் தமிழ்நாடு அரசு கூட்டுறவு விவசாயக் கடன்களைத் தள்ளுபடி செய்தது. அரசாணை வந்த அன்றைக்கே கடன் ரத்து. ஒரு விவசாயி பேப்பர் படிக்கவில்லை, யாரோ சொன்னதையும் நம்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் சொசைட்டி பக்கமே போகாமல் தலைமறைவாகத் திரிவார். லெட்ஜரில் பாக்கி இல்லை, மனிதருக்குத் தூக்கம் இல்லை. மிசௌரி உபதேசத்தில் விசுவாசம் என்பது கடனைக் கட்டுவது அல்ல, தள்ளுபடிச் செய்தியை நம்பி வீட்டுக்குத் திரும்புவதுதான். போதகரின் வேலை வசூல் இல்லை, அறிவிப்பு. கிறிஸ்தவ உபதேசங்களிலேயே மிகவும் தாராளமானவற்றில் இது ஒன்று.

ஆவியானவர் எப்படி வழிநடத்துகிறார் என்பதிலும் அவர்களுக்குத் தெளிவான பதில் இருந்தது. வேதத்தின் வார்த்தை வழியாக, ஞானஸ்நானம், திருவிருந்து வழியாக மட்டுமே. இன்றைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி சுவர்களில் எழுப்புதல் கூட்டங்களுக்கு ஒட்டப்படும் போஸ்டர்களில் ஆவியானவர் நேரடியாகப் பேசுகிறார், தரிசனம் தருகிறார் என்றெல்லாம் பார்க்கலாம். நேத்தர் அதைப் பார்த்திருந்தால் போஸ்டரைக் கிழிக்க மாட்டார், ஆனால் ஒரு நீளமான கட்டுரை எழுதியிருப்பார் :)

நேத்தரின் கிருஷ்ணகிரி வாழ்க்கை நீளமானது அல்ல. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் கலந்து புழங்கும் சந்தை ஊர். வேலை மெதுவாகவே நகர்ந்தது. 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்தது. எல்லையோர ஊர்களுக்கு பெங்களூர் வியாபாரமும் வேண்டும், பெங்களூர் நோயும் தப்பாது. கொங்குப் பக்கம் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழும்பியது இந்தக் கொள்ளைநோய்க் காலங்களில்தான். 1904-ல் நேத்தரும் பிளேக்கில் இறந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு வார்த்தைக்காக வேலையை விட்டவர், கொள்ளைநோய்க்காக ஊரை விட்டுப் போகவில்லை. அவருடைய இறையியலோடு ஒத்துப்போகாதவர்களும் இந்த இடத்தில் தொப்பியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

மிஷன் அதற்குப் பின் வளர்ந்தது. 1907-ல் நாகர்கோவிலில் வேலை தொடங்கியது. ஆம்பூரில் பள்ளிக்கூடங்கள், பெதஸ்தா மருத்துவமனை. நாகர்கோவிலில் 1924-ல் கன்கார்டியா என்ற இறையியல் கல்லூரி. பக்கத்து ஊரான வாணியம்பாடியில் முஸ்லிம்கள் நடுவே வேலை செய்ய ஓர் ஆளை அனுப்பினார்கள். இனி வருவது அவருடைய கதை.

அடால்ப் புருக்ஸ் சாதாரண ஆள் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் செமிட்டிக் மொழிகளில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தோல் வியாபாரமும் மதரஸாக்களும் நிறைந்த வாணியம்பாடிக்கு, குர்ஆனை அரபியில் படிக்கத் தெரிந்த ஒரு பாதிரி. மிஷனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது. 1920-களில் ஒரு நாள் அவர் பிரெஸ்பிட்டீரியன் சபையைச் சேர்ந்த மிஷனரி நண்பர்களோடு சேர்ந்து ஜெபம் செய்தார்.

அவ்வளவுதான், அதுதான் குற்றம்.

மிசௌரி விதிப்படி உபதேசத்தில் வேறுபடுகிற சபையாரோடு திருவிருந்து மட்டுமல்ல, சேர்ந்து ஜெபிப்பதும் கூடாது. பொய்யைச் சரி என்று ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்பது வாதம். ஆதாரமாகக் காட்டிய வசனம் ரோமர் நிருபம் 16-ஆம் அதிகாரம் 17-ஆம் வசனம். உபதேசத்துக்கு விரோதமாகப் பிரிவினை உண்டாக்குகிறவர்களை விட்டு விலகச் சொல்லும் இடம் அது. சக மிஷனரிகள் ஆட்சேபித்தார்கள், விஷயம் அமெரிக்காவில் உள்ள போர்டுக்குப் போனது.

புருக்ஸ் தவறு செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் ஒருவேளை அதோடு முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. புத்தகங்களை விரித்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்த்தையும் ஆவியால் அருளப்பட்டது என்றால், அந்த வசனத்தின் ஒவ்வொரு வார்த்தையும் என்ன சொல்கிறது என்று பார்ப்போமே? பவுல் அங்கே விலகச் சொல்வது சபையைக் கெடுக்க வந்த எதிரிகளிடமிருந்து. கிறிஸ்துவை உண்மையாக நம்பி, சில விஷயங்களில் பிசகியிருக்கிற சகோதரர்களை அல்ல. இதுதான் அவர் வந்து சேர்ந்த முடிவு. நீண்ட விளக்கங்களாக எழுதி அனுப்பினார். 1935-ல் கிறிஸ்தவ ஜெப ஐக்கியம் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார்.

கவனியுங்கள், அவர் சபையின் அஸ்திவாரத்தை எதிர்க்கவில்லை. சபை தந்த பூதக்கண்ணாடியைச் சபை பக்கமே திருப்பினார். நேத்தர் லைப்சிக்கிடம் கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டார்: வேதம் உண்மையில் என்ன சொல்கிறது? கிடைத்த பதிலும் ஏறக்குறைய அதே. விடுமுறையில் அமெரிக்கா போனவரை வாணியம்பாடிக்குத் திருப்பி அனுப்பவில்லை. வருடக்கணக்கில் இழுத்து, 1930-களின் நடுவில் அவருடைய மிஷன் வேலை முடிவுக்கு வந்தது. அரபி தெரிந்த அந்த மனிதருக்குப் பதில் அதே மாதிரி இன்னொருவரை எங்கே தேடுவது? வரவு செலவு தெரிந்த எவரும் இந்த ஒரு ஜெபத்தின் விலையை நஷ்டக் கணக்கில்தான் எழுதுவார்கள்.

போர்டில் இருந்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். ஆனால் அவர்களில் பலர் நேர்மையானவர்கள். அவர்கள் கோயிலில் ஞாயிறுதோறும் அறிவித்தது, உலகம் முழுவதற்கும் கடன் ரத்து என்ற செய்தி. பிரெஸ்பிட்டீரியன் நண்பரும் அந்த உலகத்துக்குள்தான் வருகிறார். கடவுள் யாரோடு ஒப்புரவாகிவிட்டாரோ அவரோடு சேர்ந்து கண்ணை மூடி உட்காரக் கூடாது என்று விதி. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி பல வருடங்கள் அவர்கள் கண்ணில் படவில்லை. மற்றவர்களின் உபதேசத்தில் பிழை கண்டுபிடிப்பதற்கென்றே பழக்கப்பட்ட கண்கள் அவை. ஆடிட்டிங் பேப்பரில் முதல் பாடமே தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பதுதானே?

சாதி விஷயத்திலும் இதைப் பார்க்கலாம். தமிழ் லுத்தரன் கோயில்களில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் பழக்கம் 18-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1833-ல் ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபைக்குள் உடனே ஒழிக்க வேண்டும் என்று கண்டிப்பாக எழுதியதும், தஞ்சாவூர்ப் பக்கம் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். அவர்களில் பலருக்குப் பின்னால் லைப்சிக் மிஷன் புகலிடமானது. சாதி ஒரு சமூக ஏற்பாடு, மெல்ல மெல்லத்தான் மாறும் என்பது குறளை மொழிபெயர்த்த கிரவுலின் கொள்கை. இதைப் பொறுக்காமல் ஓக்ஸ் என்பவர் வெளியேறி, 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷனுக்கு அடித்தளம் போட்டார். ஆக லைப்சிக்கிலிருந்து மனசாட்சிக்காக வெளியேறியவர்கள் இரண்டு வகை. ஓக்ஸை வெளியே தள்ளியது ஒரே கோயிலில் உட்கார முடியாத மனிதர்கள். நேத்தரையும் மோனையும் தள்ளியது புத்தகத்தின் வார்த்தைகள். இரண்டாவது காரணத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை, ஆனால் 1893 சண்டையின் மையத்தில் முதல் காரணம் இல்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. பின்னால் ஆம்பூர் வட்டாரத்தில் மிசௌரி மிஷனில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சேரிகளிலிருந்து வந்தவர்கள். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பின் அவர்கள் பிள்ளைகள் அரசுக் கணக்கில் பட்டியல் சாதியும் இல்லை, ஊர்க் கணக்கில் சாதி நீங்கியவர்களும் இல்லை.

புருக்ஸ் விவகாரம் அவரோடு முடிந்துவிடவில்லை. 1945 செப்டம்பரில் சிகாகோவில் மிசௌரி சினாட்டைச் சேர்ந்த 44 பேர் கூடி ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அதில் இருந்த முக்கியமான குறைகளில் ஒன்று, ரோமர் 16:17-ஐச் சக கிறிஸ்தவர்கள் மேல் பிரயோகிப்பது தவறு என்பது. வாணியம்பாடிக்காரர் சொன்னதுதான், பத்து வருடம் தாமதமாக.

அடுத்த திருப்பமும் தமிழ்நாட்டுத் தொடர்பு உள்ளதே. மார்ட்டின் லூத்தர் கிரெட்ஸ்மன் என்ற மிஷனரி இந்தியாவில் பல ஆண்டுகள் இருந்தவர், நாகர்கோவில் இறையியல் கல்லூரியில் கற்பித்தவர். 1947-ல் ஆங்கிலிகன், மெதடிஸ்ட் முதலான சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனதை லுத்தரன்கள் வெளியே நின்று பார்த்தார்கள். நூறில் இரண்டு மூன்று பேர் மட்டுமே கிறிஸ்தவர்களாக உள்ள நாட்டில், அந்த இரண்டு மூன்று பேரும் தனித்தனி மதில் கட்டிக்கொள்வது மிசௌரியில் தெரிகிற மாதிரி இங்கே தெரியாது. கிரெட்ஸ்மன் ஊர் திரும்பி எழுதிய ஆய்வின் அடிப்படையில் 1965-ல் டெட்ராய்ட் மாநாடு மிஷன் பற்றிய தீர்மானங்களை ஏற்றது. சபை தனக்காக இருப்பதல்ல, முழு உலகத்துக்கும் முழு சமுதாயத்துக்கும் அனுப்பப்பட்டது, மற்றச் சபைகளுக்கும் அதற்குக் கடமை உண்டு என்ற தொனி அவற்றில் இருந்தது. உபதேசம் கற்றுக்கொடுக்க அனுப்பியவர் கற்றுக்கொண்டு திரும்பிப் போய்ப் பாடம் நடத்திய மாதிரி.

அதோடு சுபம் என்று முடிக்க ஆசைதான், வரலாறு விடவில்லை. 1974 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸில் உள்ள மிசௌரி சினாட்டின் பெரிய செமினரியில் ஆசிரியர்களில் பெரும்பாலோரும் மாணவர்களும் வெளிநடப்புச் செய்தார்கள். பிரச்சினை என்ன? பைபிளின் ஒவ்வொரு வார்த்தையும் பிழையற்றதா, அதைச் சரித்திர முறையில் ஆராயலாமா என்பதே. நேத்தருக்கு வேலை போன அதே கேள்வி, இந்த முறை வெளியே போனது எதிர்த் தரப்பு.

தமிழ்நாட்டில் நேத்தரும் மோனும் தொடங்கியது 1958-ல் இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை ஆயிற்று. அவர்களை நீக்கிய லைப்சிக் மிஷனின் சபை 1919-லேயே தமிழ் சுவிசேஷ லுத்தரன் சபை ஆகியிருந்தது. இரண்டு சபைகளும் இன்று அகில இந்திய லுத்தரன் கூட்டமைப்பு ஒன்றிலேயே உறுப்பினர்கள். அந்தக் கூட்டமைப்பு நடத்தும் குருகுலம் இறையியல் கல்லூரி சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது.

வாணியம்பாடிக்குப் புருக்ஸ் திரும்பி வரவேயில்லை.